தென்னந்தோப்புக்குள் கேமராவை நம்பிப் பறக்கும் ட்ரோன்: கையில் தூக்கி நடப்பதிலிருந்து தானாகப் பறப்பது வரை

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத்துத் தோப்புகளில் மர உச்சிக்கு மேலே ட்ரோன் ஓட்டுவது இப்போது பழகிப்போன வேலை. மேலே ஜிபிஎஸ் சுத்தமாகக் கிடைக்கும், இடிக்க ஒன்றும் இருக்காது. மட்டைக்குக் கீழே, மர வரிசைகளுக்கு நடுவே தானாகப் போய்வர வைப்பதுதான் கடினம். அங்கே ஜிபிஎஸ் நிலை பல மீட்டர் தாவும்; கேமராவும் ஐஎம்யூவும் (முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சென்சார்) சேர்ந்துதான் இடம் சொல்ல வேண்டும்.

இதைத் திட்டப்பணியாக எடுக்கும் மாணவர்கள் பலரைப் பார்த்துவருகிறேன். நிரல் எழுதத் தெரியாமல் யாரும் நிற்பதில்லை. தடுக்கி விழுவது வேலைகளின் வரிசையில்தான். கேமரா அளவுத்திருத்தம் முடியுமுன் ஸ்லாம் (கேமராவால் இடம் கண்டு வரைபடம் போடும் மென்பொருள்) ஓட்டுகிறார்கள், கையில் தூக்கி நடந்து பார்க்குமுன் காற்றில் விடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் வேலை செய்யும்.

1. எதற்காக உள்ளே பறக்கிறது?

தோப்புக்காரர் முதலில் கேட்பதே இதுதான்: “ஏனுங் தம்பி, மேல பறக்கறத உட்டுப்போட்டு உள்ளார எதுக்குங்க ஓட்டறீங்க?” இதற்கு ஒரு வரியில் பதில் இருக்க வேண்டும். என்னுடைய பதில்: “வெள்ளை ஈ இலைக்கு அடியிலதானுங்கண்ணா ஒட்டிக்கிட்டு இருக்குது, மேலயிருந்து பாத்தாத் தெரியாதுங்க.” சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சி வட்டாரத் தென்னையில் தென்பட்டதிலிருந்து இந்த ஊர்களில் எல்லோருக்கும் புரியும் காரணம் இது.

காரணம் முடிவானால் எண்கள் தானே விழும். வழக்கமான 25 அடி இடைவெளித் தோப்பில் இரு வரிசைகளுக்கு நடுவே சுமார் 7.5 மீட்டர் இருக்கும். உயரம் 2.5 முதல் 3 மீட்டர், வேகம் நொடிக்கு 1.5 மீட்டர், ஒரு வரிசை போய் அடுத்த வரிசையில் திரும்பி வருதல். முதல் இலக்காக இது போதும். மட்டைகள் உயரத்தில் இருக்கும் வயதான நெட்டை மரத் தோப்பில் தொடங்குங்கள். இளங்குட்டை மரங்களில் மட்டை கிட்டத்தட்டத் தலையில் இடிக்கும். கோகோ, ஜாதிக்காய் ஊடுபயிர் உள்ள தோப்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. அனுமதி

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. நீங்கள் கட்டப்போவது பெரும்பாலும் இதில்தான் வரும். அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் தளத்து வரைபடத்தில் தோப்பு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பீளமேட்டு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருப்பதால் கோவையைச் சுற்றி நிறைய இடம் பச்சை மண்டலத்துக்கு (முன் அனுமதி தேவையில்லாத பகுதி) வெளியே போய்விடுகிறது. மட்டைக்குக் கீழேதானே பறக்கிறோம் என்பது விலக்கு ஆகாது.

3. முன்கூட்டி வேண்டியவை

ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருள் ஓடும் பிக்ஸ்ஹாக் வகைப் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை, 7 அங்குலப் புரொப்பெல்லர் வரை தாங்கும் ஃப்ரேம், புரொப்பெல்லர்க் காப்பு வளையம், ராஸ்பெர்ரி பை 5 அல்லது ஜெட்சன் ஓரின் நானோ என்ற சிறு கணினி, ஐஎம்யூ உள்ளே பொருந்திய ஸ்டீரியோ (இரட்டை) கேமரா. ஓக்-டி, ரியல்சென்ஸ் டி435ஐ இரண்டும் இந்த வகை.

கேமராவில் இரண்டை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, குளோபல் ஷட்டர். ரோலிங் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எடுப்பதால் மோட்டார் அதிர்வில் தென்னை மரமே நெளிந்து தெரியும். இரண்டு, கேமராவின் சொந்த ஐஎம்யூ. பறப்புப் பலகையின் ஐஎம்யூ அளவுகளை சீரியல் வழியாக இழுத்தால் நேரம் முன்னும் பின்னும் ஆடும்.

கணினிக்குத் தனி மின்னழுத்தச் சீராக்கி கொடுங்கள்; பை 5-க்கு அது 5 வோல்ட். பை 5-க்குப் பரிந்துரைக்கப்படும் மின்வழங்கல் 5 ஆம்பியர். மோட்டார் திடீரென இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்தால் கணினி நடுவானில் மறுதொடக்கம் ஆகும். பதிவுகளை எஸ்டி கார்டில் எழுதாமல் எஸ்எஸ்டியில் எழுதுங்கள். கார்டு எழுதத் திணறும் கணத்தில் படச்சட்டங்கள் விழுந்துபோகும். கேமராவின் யுஎஸ்பி 3 கேபிள் நல்ல கவசம் உள்ளதாக இருக்கட்டும். அது கக்கும் மின்காந்த இரைச்சல் ஜிபிஎஸ் ஆன்டெனாவைக் குருடாக்கும். தோப்புக்கு வெளியே ஜிபிஎஸ் உங்களுக்குத் தேவைப்படும்.

4. முதலில் கேமரா இல்லாமல் நன்றாகப் பறக்கட்டும்

திறந்த களத்தில், கையால், ஆல்ட் ஹோல்டு (உயரத்தை மட்டும் தானாகப் பிடிக்கும்) நிலையில் ஓட்டிப் பாருங்கள். இறங்கியதும் பதிவைத் திறந்து அதிர்வைப் பாருங்கள். 30 மீ/வி²-க்குக் கீழே இருக்க வேண்டும், கிளிப்பிங் (அதிர்வு சென்சாரின் எல்லையைத் தாண்டியது) எண்ணிக்கை ஏறக்கூடாது. அதற்கு மேலே போனால் புரொப்பெல்லரைச் சமன் செய்யுங்கள், ஃப்ரேம் திருகுகளை முறுக்குங்கள். அதிரும் ட்ரோனில் எந்தப் பார்வை மென்பொருளும் நிற்காது. பிழை மென்பொருளில் என்று நினைத்து வாரக்கணக்கில் அலைவீர்கள்.

கேமரா, கணினி எடைக்குச் சமமான பாரத்தை அதே இடத்தில் கட்டி, டியூனிங்கை இப்போதே முடித்துவிடுங்கள்.

5. கேமராவைப் பொருத்துவது

கேமராவும் அதன் ஐஎம்யூவும் ஒன்றுக்கொன்று அசையவே கூடாது. அதிர்வுத் தடுப்பு ரப்பர் போட்டால் இரண்டையும் சேர்த்து ஒரே தட்டில் போடுங்கள். 3டி பிரிண்ட் தாங்கி வெயிலில் இளகும். லேத் பட்டறையில் 2 மிமீ அலுமினியத் தகட்டில் ஒரு தாங்கி வளைத்து வாங்குங்கள்.

கேமரா 20 டிகிரி அளவுக்குக் கீழே சாயட்டும். மேலே மட்டை, அது காற்றில் ஆடும். கீழே அடிமரம், பாத்தி, உதிர்ந்த மட்டை, மண். இவை அசையாது. அசையும் பொருளை அசையாததென்று எடுத்துக்கொண்டால், ட்ரோன்தான் நகர்கிறது என்று மென்பொருள் கணக்குப் போடும். படத்தின் மேல் பகுதியை மாஸ்க் போட்டு மறைத்துவிடுவது இன்னும் நல்லது.

ரியல்சென்ஸ் வைத்திருப்பவர்கள் அகச்சிவப்புப் புள்ளி வீச்சை அணைத்துவிடுங்கள். அந்தப் புள்ளிகள் கேமராவோடு சேர்ந்தே நகரும். வெயிலில் தெரியாது, நிழலில் தெரியும். அதனால்தான் களத்தில் ஓடிய மென்பொருள் தோப்புக்குள் போனதும் தடுமாறுகிறது. புதியவர்கள் யோசித்தே பார்க்காத இடம் இது.

6. எக்ஸ்போஷர்: இங்கே பொறுமை வேண்டும்

தோப்புக்குள் தரையெல்லாம் வெயில் பொட்டு. ஆட்டோ எக்ஸ்போஷரை அப்படியே விட்டால், ஒரு பொட்டைக் கடக்கும்போது படம் வெளுத்து, அடுத்த நொடி கறுக்கும். அந்த ஊசலில் மென்பொருள் பின்தொடரும் புள்ளிகள் கொத்தாக அறுந்துபோகும்.

ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். 80 டிகிரி பார்வையை 640 பிக்சலில் எடுக்கும் கேமராவுக்கு ஒரு டிகிரி 8 பிக்சல். ட்ரோன் நொடிக்கு 60 டிகிரி திரும்பும்போது 10 மில்லிசெகண்ட் திறந்திருந்தால் கிட்டத்தட்ட 5 பிக்சல் மங்கும். 2 மில்லிசெகண்ட் என்றால் ஒரு பிக்சல்தான். ஆகவே உச்ச எக்ஸ்போஷரை 3 மில்லிசெகண்டுக்குள் கட்டிவிட்டு, வெளிச்சக் குறைவை கெய்ன் (சென்சார் சிக்னலின் பெருக்கம்) ஏற்றிச் சமாளியுங்கள். கெய்ன் ஏறினால் படம் பொடிபொடியாகத் தெரியும். மூலைப்புள்ளி பிடிக்கும் நிரலுக்கு மங்கலைவிடப் பொடி எவ்வளவோ மேல்.

காலை எட்டு மணிக்கு மேல் பத்துக்குள் பறந்து பழகுங்கள். ஆடி மாதத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தோப்பு முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும்.

7. அளவுத்திருத்தம்

கேமராவையும் ஐஎம்யூவையும் அளவுத்திருத்தும் காலிபர் மென்பொருளுக்கு ஏப்ரல்கிரிட் (கறுப்பு-வெள்ளைக் கட்டக் குறிகள் உள்ள) அட்டை வேண்டும். அதை ஃப்ளெக்ஸ் பேனராக அடிக்காதீர்கள். ஃப்ளெக்ஸ் நெளியும், ஓரம் சுருளும், பளபளப்பில் வெளிச்சம் திருப்பியடிக்கும். மேட் தாளில் அச்சிட்டு, கண்ணாடி அல்லது தடித்த அலுமினியப் பலகையில் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டுங்கள்.

ஒட்டிய பிறகு வெர்னியரால் கட்டத்தை அளந்து, அளந்த எண்ணையே கோப்பில் எழுதுங்கள். அச்சுக்கடையில் “பக்கத்துக்குப் பொருத்து” என்று அழுத்தியிருப்பார்கள். 50 மிமீ என்று நினைத்தது 48.5 ஆக வந்திருக்கும். ஸ்டீரியோ கேமராவில் இந்த 3 சதவீதப் பிழை அப்படியே தூரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், நூறு மீட்டர் வரிசைக்கு 3 மீட்டர் தப்பும்.

கேமராவை நிலையாக வைத்து அட்டையை ஆட்டுவது லென்ஸ் அளவுக்குப் போதும். கேமரா–ஐஎம்யூ அளவுக்கு அட்டையை நிறுத்திவிட்டு, ட்ரோனையே தூக்கி ஆட்ட வேண்டும்: மூன்று அச்சிலும் நகர்வு, மூன்று அச்சிலும் சுழற்சி, படம் மங்காத வேகத்தில். பாதிப் பேர் சுழற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் உலுக்காவிட்டால் முடுக்கமானிக்குப் போதுமான வேலை இருக்காது, கேமராவுக்கும் ஐஎம்யூவுக்கும் உள்ள தூரம் தப்பாக வரலாம். வந்த தூரத்தை ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். காலிபர் காட்டும் படப் பிழை அரை பிக்சலுக்கு மேல் வந்தால் திரும்ப எடுங்கள்.

காலிபர் தரும் நேர வித்தியாசத்தையும் பாருங்கள். நொடிக்கு 90 டிகிரி திரும்பும்போது 20 மில்லிசெகண்ட் பிசகினால் 1.8 டிகிரி, அதாவது மேலே சொன்ன கேமராவில் 14 பிக்சல் தப்பு. நிலையான வித்தியாசத்தை ஓபன்வின்ஸ், வின்ஸ்-ஃப்யூஷன் போன்ற இடம் கணிக்கும் மென்பொருள்கள் தாங்களே திருத்திக்கொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும் வித்தியாசத்தை எதனாலும் திருத்த முடியாது. அப்படி இருந்தால் கேபிளையும் டிரைவரையும் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

8. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத் தோப்பில் நடங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நீங்கள் மதிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ட்ரோனை இடுப்புயரத்தில் இரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். புறப்படும் இடத்தில் ஒரு ஆணி அடித்து அடையாளம் வையுங்கள். மென்பொருள் தொடங்கியதும் சில நொடி முன்னும் பின்னும், மேலும் கீழும் அசையுங்கள். ஒற்றைக் கேமராவில் இது கட்டாயம். சீரான வேகத்தில் நேராகப் போனால் தூரத்தின் அளவுகோல் அதற்குத் தெரியவே தெரியாது. பிறகு வரிசை வழியே நடந்து, திரும்பி, அதே ஆணிக்கு வந்து, ட்ரோனை அதே திசையில் வையுங்கள். எண்களைப் பாருங்கள்.

60 மீட்டர் சுற்றுக்கு அரை மீட்டர் அளவுக்குத் தப்பினால் நல்ல நிலை. 2 மீட்டர் தப்பினால் பறக்க வேண்டாம். எங்கே பிசகியது என்று பதிவை ஓட்டிப் பாருங்கள்: வரிசை முனையில் திரும்பும்போதா (நேரப் பிசகு, மங்கல்), நேராகப் போகும்போதா (அளவுகோல், அட்டை அளவு), நிற்கும்போதேவா (ஐஎம்யூ இரைச்சல் எண்கள் தப்பு).

தோப்புக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எல்லா மரமும் ஒன்றுபோல, எல்லா இடைவெளியும் ஒன்றுபோல. பழைய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மென்பொருள் தானே முடிவு செய்யும் லூப் குளோஷர் வசதி, நான்காம் மரத்தை ஏழாம் மரம் என்று எடுத்துக்கொண்டு நிலையை ஒரே தாவலில் 20 மீட்டருக்கு மேல் இழுத்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். தாவாமல் ஓடும் ஓடோமெட்ரியை (படத்துக்குப் படம் நகர்ந்ததைக் கூட்டிக்கொண்டே போகும் கணக்கு) மட்டும் பறப்புப் பலகைக்குக் கொடுங்கள். மெல்ல நகரும் பிழையை ட்ரோன் தாங்கும். திடீர்த் தாவலை அது துரத்திப் போய் மரத்தில்தான் நிற்கும்.

இந்த நடையைக் காலையிலும், உச்சி வெயிலிலும், மேகமூட்டத்திலும் செய்யுங்கள். மஞ்சி மில் (தேங்காய் நார் ஆலை) களத்தின் ஓரமாகவும் ஒருமுறை நடந்து பாருங்கள். நார்த்தூள் ஒரே பழுப்பாக விரிந்திருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளப் புள்ளியே கிடைக்காமல் எண்ணிக்கை எப்படிச் சரிகிறது என்று தெரியும். பின்தொடரும் புள்ளிகள் எவ்வளவுக்குக் கீழே போனால் உங்கள் அமைப்பு கெடுகிறது என்ற எண்ணை அங்கே குறித்துக்கொள்ளுங்கள். 10-ஆம் படியில் அது வேண்டும்.

9. பறப்புப் பலகைக்கு நிலையைக் கொடுப்பது

மேவ்லிங்க் (கணினியும் பறப்புப் பலகையும் பேசிக்கொள்ளும் தகவல் முறை) வழியாக நொடிக்கு 20 முதல் 30 முறை நிலையை அனுப்புங்கள். இங்கே மோதல்கள் பெரும்பாலும் அச்சுக் குழப்பத்தால் வருகின்றன. கேமராவுக்கு இசட் அச்சு முன்னே, ஒய் அச்சு கீழே. கணினியில் ஓடும் ராஸ் (ஆர்ஓஎஸ்) ரோபோ மென்பொருளுக்கு எக்ஸ் முன்னே, ஒய் இடது, இசட் மேலே. பறப்புப் பலகைக்கு எக்ஸ் முன்னே, ஒய் வலது, இசட் கீழே.

காகிதத்தில் சரிபார்த்தால் போதாது. ட்ரோனைத் தூக்கி ஒரு மீட்டர் முன்னே கொண்டுபோங்கள், தரைநிலையத் திரையில் (ட்ரோனைக் கண்காணிக்கும் லேப்டாப்) முன்னே போகிறதா? வலப்பக்கம்? மேலே? பிறகு மூக்கை வலப்பக்கம் திருப்பிவிட்டு மீண்டும் முன்னே கொண்டுபோங்கள். திருப்பாமல் சோதித்தவர்களுக்குத்தான் காற்றில் வட்டமடிக்கும்.

திசைக்குக் காம்பஸா, கேமராவா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். பார்வை மென்பொருள் தொடங்கிய திசையையே பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும், காம்பஸ் வடக்கைச் சொல்லும். இரண்டையும் ஒத்திசைக்காமல் கலந்தால் ட்ரோன் சுழன்று சுழன்று விரியும். தோப்பில் போர்வெல் இரும்புக்குழாய், மோட்டார் அறை எல்லாம் இருப்பதால் நான் கேமராவைத்தான் எடுப்பேன்.

ஜிபிஎஸ் இல்லாதபோது ஈகேஎஃப் (பலகைக்குள் சென்சார் அளவுகளைச் சேர்த்து நிலையைக் கணிக்கும் நிரல்) தொடக்கப் புள்ளியைத் தரைநிலையத்திலிருந்து நீங்களே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் லாய்ட்டர் (ஒரே இடத்தைப் பிடித்து நிற்கும்) நிலைக்கு மாறவே மாறாது. “எல்லாம் சரியா இருக்குதுங்க, ஆனா மோடு மாற மாட்டேங்குதுங்க” என்று வருபவர்களில் பலர் விட்டது இதைத்தான்.

உயரத்துக்குப் பாரோமீட்டரை வைத்து, அதன் மேல் பஞ்சு மூடுங்கள். கீழ்நோக்கிய தூரமானி இருந்தால் தரை பின்தொடர்தலை அணையுங்கள். இல்லையென்றால் கீழே ஒரு கோகோச் செடி வந்ததும் அதற்கேற்ப ட்ரோன் எழும்பி மட்டையில் இடிக்கும்.

10. கெட்டால் என்ன செய்யும் என்பதை இப்போதே அமையுங்கள்

ஆர்டுபைலட்டில் ரேடியோ இழந்தால் வழக்கமான செயல் வீடு திரும்புதல். அதன் இயல்பு உயரம் 15 மீட்டர். தோப்புக்குள் அதன் பொருள், நேராக மேலே ஏறி மட்டைக்குள் புகுவது. ரேடியோ, பேட்டரி, ஈகேஎஃப் மூன்றுக்குமே “இருந்த இடத்தில் இறங்கு” என்று மாற்றுங்கள்.

8-ஆம் படியில் குறித்த எண்ணுக்குக் கீழே புள்ளிகள் போனாலோ, பார்வைத் தகவல் நின்றாலோ, கணினி தானாக நிறுத்தி இறக்க வேண்டும். ரிமோட்டில் ஒரு சுவிட்ச் ஆல்ட் ஹோல்டுக்கு; லாய்ட்டருக்கு அல்ல. லாய்ட்டர் கெட்டுப்போன அதே நிலையைத்தான் நம்பும்.

கணினிச் சூட்டையும் கண்காணியுங்கள். பை 5 சுமார் 80 டிகிரியைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், புரொப்பெல்லர் காற்று இல்லாமல் தரையில் காத்திருக்கும்போதே அங்கே போய்விடும். விசிறி போடுங்கள்.

11. தடைகள்: மரம் தெரியும், கம்பி தெரியாது

ஸ்டீரியோவின் தூரப் பிழை தூரத்தின் இருமடிப்படி ஏறும். இரு கேமராவுக்கும் நடுவே 7.5 செமீ இடைவெளியும் மேற்சொன்ன லென்ஸும் இருந்து, கால் பிக்சல் பிசகினால், 2 மீட்டரில் 3.5 செமீ தப்பும், 8 மீட்டரில் அரை மீட்டருக்கு மேல் தப்பும். நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்துக்கு இது தாராளம். வேகத்தைக் கூட்டுமுன் நிற்கும் தூரத்தைக் கணக்கிடுங்கள். நொடிக்கு 3 மீட்டர் வேகம், 0.3 நொடித் தாமதம், 3 மீ/வி² தடுப்பு என்றால் நிற்க 2.4 மீட்டர் ஆகும்.

மோட்டாருக்குப் போகும் கம்பி, ஈபி லைன், கொடிக்கயிறு ஆகியவைதான் உண்மையான ஆபத்து. இரு கேமராக்களும் பக்கம்பக்கமாக இருக்கும்போது, கிடைமட்டக் கம்பி இரண்டு படத்திலும் ஒரே கோடாக விழும். எந்தப் புள்ளி எதற்கு இணை என்று கண்டுபிடிக்க வழியில்லை. மென்பொருளை மாற்றினாலும் தீராது, வடிவியலே அப்படி. தோப்புக்காரரோடு நடந்து எல்லாக் கம்பியையும் குறித்து, அந்த இடங்களைப் போகக்கூடாத பகுதியாக எழுதுங்கள். “அந்தக் கடேசி வரிசைல பழைய சர்வீஸ் கம்பி ஒண்ணு போகுதுங்க” என்பதை அவர்தான் சொல்வார்.

12. இலையைப் பார்க்கும் ஏஐ மாதிரி

படத்தில் வெள்ளை ஈயைக் கண்டுபிடிக்கும் யோலோ வகை ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது படங்களைக் கலைத்துப்போட்டுப் பிரிக்காதீர்கள். ஒரே பறப்பின் அடுத்தடுத்த படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் விழுந்தால் மதிப்பெண் அருமையாக வரும், அடுத்த தோப்பில் எதுவும் கண்டுபிடிக்காது. ஒரு தோப்பு முழுவதையும் சோதனைக்கென ஒதுக்குங்கள். இலைக்குப் பின்னால் வானம் இருப்பதால் அடிப்பகுதி கறுத்துப்போகும்; இதற்கு மேல்நோக்கிய தனிக் கேமரா, தனி எக்ஸ்போஷர் வையுங்கள். முதலில் பதிவு மட்டும் செய்து வீட்டில் ஓட்டுங்கள். வழிகாணும் நிரலோடு ஒரே செயலியில் போட்டிபோட விடாதீர்கள்.

13. முதல் பறப்புகள்

முதலில் திறந்த களத்தில் ஒரு மீட்டருக்கு மேலே லாய்ட்டரில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே புரொப்பெல்லர் காற்றில் புல் ஆடி, அதுவே நகர்வாகத் தெரியும். பிறகு தோப்பு ஓரம், பிறகு இரண்டு மரத்துக்கு நடுவே, பிறகு அரை வரிசை. ஒவ்வொன்றையும் முதலில் லாய்ட்டரில் கையால் ஓட்டி, அடுத்து அதே வழியைத் தானாக ஓட விடுங்கள். யாரும் முன்னால் நிற்க வேண்டாம். தேங்காய் பறிக்க, மட்டை எடுக்க ஆள் இருக்கும் நாளில் பறக்க வேண்டாம்.

இறங்குமிடத்தில், கீழ்நோக்கிய கேமராவுக்குத் தெரியும்படி ஏப்ரல்டேக் (கறுப்பு-வெள்ளைக் கட்டக் குறி) வைத்தால் வரிசை முடிவில் சேர்ந்த பிழை அங்கே கழியும். 3 மீட்டரிலிருந்து தெரிய 40 செமீ டேக், கடைசி அரை மீட்டருக்கு அதன் பக்கத்தில் 8 செமீ சிறிய டேக். தாழ வந்ததும் பெரியது படத்துக்குள் அடங்காது. லேமினேஷன் வேண்டாம், வெயிலில் கண்ணாடியாகிவிடும்.

ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் கேமராத் தாங்கியின் திருகைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தாலோ, எங்காவது உரசி இறங்கியிருந்தாலோ, 7-ஆம் படிக்குத் திரும்புங்கள். அது முடிந்ததும் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஆணியிலிருந்து ஆணிக்கு ஒரு நடை.